வீட்டுச் சாப்பாடு, மாதம் இருநூறு

அன்றைக்கு என் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி பிலோமினா. அடுப்படியில் இருந்தாள்.

மகள் ரீட்டா. இருபத்து நாலு வயது. ஓர் ஆபீசில் டைப் அடிக்கும் வேலை. உள்ளறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தாள்.

மகன் சேவியர். அவளுக்கு இளையவன். ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றான்.

ஆவடி சேக்காட்டிலிருந்து ரீட்டாவைப் பெண் பார்க்க வந்த ஞானப்பிரகாசம். மாப்பிள்ளையின் அப்பா. மனைவி இல்லை. ரிட்டயர் ஆன கணக்கர்.

அவர் தங்கை லூர்து மேரி. மூட்டுவலிக்காரர்.

மாப்பிள்ளை ஸ்டீபன். இருபத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. அதிகம் பேசாதவன்.

இவர்கள் போக, எனக்கு எந்த உறவும் இல்லாத வாலிபர்கள் ஒன்பது பேர். தரையில் வரிசையாக உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கக் கொரட்டூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். கையில் குடை. (வெயில் அதிகம். வருகிற அம்மாவுக்குப் பிடிக்கலாம் என்று.)

அவர்கள் பஸ்ஸில் வந்துவிட்டார்கள்.

இது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. தப்பு முழுக்க என்னுடையது. வேறு யாராவது செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யோசித்துப் பார்த்தேன், யாரும் கிடைக்கவில்லை.

நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினேன். வலது கையில் ஒரு விரல் பாதிதான். மீதியை மிஷின் எடுத்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்த்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "உன் சோத்துக்கு நீ சம்பாதி" என்பேன். அவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் அடிக்கடி கதவடைப்பு. எப்போது கேட்டைத் திறப்பார்கள், எப்போது மூடுவார்கள் என்று வாட்ச்மேனுக்கே தெரியாது. அதனால் பிள்ளைகள் என்னை நம்பி இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. (கொள்கை என்ற வார்த்தையைச் சங்கக் கூட்டத்தில் கற்றுக்கொண்டேன்.)

ரீட்டா வேலைக்குப் போன நாளிலிருந்து சம்பளத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள். சேவியர் அப்படி இல்லை. முதல் மாதச் சம்பளத்தில் டேப் ரிக்கார்டர் வாங்கினான். இரண்டாம் மாதம் பூட்ஸ். மூன்றாம் மாதம் அதே பூட்ஸ், வேறு கலர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த முனுசாமிதான் டீக்கடையில் ஆரம்பித்தான்.

"இன்னா மாமே, புள்ள சம்பாரிச்சுகினு கீறான். நீ இன்னும் ஓசில சோறு போட்டுகினு கீறியா?"

"புள்ளதானே."

"புள்ளதான். யாரு இல்லேன்னா? மெஸ்ல துன்னா மாசம் எரநூறு ரூவா குடுப்பான்ல? அதே எரநூற ஊட்ல குடுக்கச் சொல்லு. நாலு நாள்ல புத்தி வந்துரும்."

எஸ்டேட்டைச் சுற்றி அப்போது நிறைய மெஸ் இருந்தன. வெளியூர்ப் பையன்கள் ஐந்து பேர், ஆறு பேராக அறை எடுத்துத் தங்குவார்கள். மாதம் பிறந்ததும் மெஸ்ஸில் பணம் கட்டிவிடுவார்கள். ஊருக்குப் போனால் அந்த நாள்களைக் கழித்துக்கொள்ளலாம். கூட யாரையாவது அழைத்து வந்தால் 'கெஸ்ட்' என்று தனியாக ஆறு ரூபாய். மீன் இன்னொரு துண்டு வேண்டுமென்றால் 'எக்ஸ்ட்ரா' இரண்டு ரூபாய். இதெல்லாம் அங்கே சட்டம்.

அன்று இரவு சாப்பாட்டின்போது சொன்னேன்.

"அடுத்த மாசத்துலேர்ந்து இந்த வீட்ல சம்பாதிக்கிறவங்க எல்லாரும் மெஸ் காசு கட்டணும். மாசம் இருநூறு."

சேவியர் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். கோபித்துக்கொள்வான், நாலு நாள் வெளியே சாப்பிடுவான், வயிறு கெட்டுத் திரும்பி வருவான், புத்தி வரும். இதுதான் திட்டம்.

அவன் ரசத்தைக் குடித்துவிட்டு, "சரிப்பா" என்றான்.

முதல் தேதி இருநூறு ரூபாயை அம்மா கையில் வைத்தான். அன்றிலிருந்து அவன் மகன் இல்லை. வாடிக்கையாளர்.

"அம்மா, சாம்பார்ல பருப்பு எங்க?"

"அம்மா, சனிக்கிழம ரெண்டு வேள வெளிய சாப்ட்டேன். கழிச்சுக்கோ."

பிலோமினா கழித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் போட்டவனே மீற முடியாது.

அடுத்த மாதம் இரண்டு பையன்களோடு வந்தான். அவன் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள். திருநெல்வேலிப் பக்கத்து முத்துப்பாண்டி, வாணியம்பாடிக்காரன் காதர். இருவரும் பல வருஷம் சரியான சோறு பார்க்காதவர்கள் போல இருந்தார்கள்.

"அப்பா, இவங்களும் காசு கட்டறாங்க."

"இது வீடுடா."

"நீதானே மெஸ்ஸுன்னு சொன்ன?"

நான் பிலோமினாவைப் பார்த்தேன். அவள் முத்துப்பாண்டியின் கையில் இருந்த நோட்டுகளைப் பார்த்தாள். பிறகு, "உள்ள வாங்கப்பா, கையக் கழுவுங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. (என் சம்பளக் கவரைப் பார்க்கும்போதும் இல்லை.)

மூன்று மாதத்தில் ஒன்பது பேர் ஆனார்கள். பெரிய அண்டா வந்தது. வில்லிவாக்கம் மார்க்கெட்டுக்குப் பிலோமினா விடியற்காலையில் போய் வந்தாள். மீன்காரர்களோடு அவள் பேரம் பேசுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் சங்கத் தலைவர் அவளிடம் பாடம் படிக்கலாம்.

நான் ஷிப்ட் முடிந்து வரும்போது என் இடத்தில் யாராவது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த பந்திக்குக் காத்திருப்பேன். ஒருநாள் மாதத்தின் ஐந்தாம் தேதி, சோற்றைப் போட்டுக்கொண்டே பிலோமினா கேட்டாள்.

"நீங்க இன்னும் கட்டல."

"என்ன கட்டல?"

"மெஸ் காசு."

"நான் குடும்பத் தலைவன்."

"தலைவரு சாப்புடறாருல்ல?"

"வீட்டுச் செலவுக்கு என் சம்பளத்தத் தர்றேனே."

"அது வீட்டுக்கு. இது சோத்துக்கு. சம்பாதிக்கிற எல்லாரும்னு நீங்கதான் சொன்னீங்க."

கட்டினேன்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. வெளியே நான் வேறு ஆளாக இருந்தேன். அதுதான் வினை.

ரீட்டாவுக்கு அதற்கு முன்பு மூன்று வரன்கள் வந்து போயிருந்தன. ஒன்று நகைக் கணக்கில் நின்றது. ஒன்று, பெண் வேலைக்குப் போகக் கூடாது என்றது. மூன்றாவது, பெண்ணின் சம்பளம் எவ்வளவு என்று பூசை முடிந்து கோயில் வாசலிலேயே கேட்டது. ரீட்டா ஒவ்வொரு தடவையும் புடவை மாற்றிக்கொண்டு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஒன்றும் பேச மாட்டாள். என்னைப் போல. அவள் பேசாமல் தைக்கிற சத்தம் எனக்குப் பிரஸ் மிஷின் சத்தத்தை விடப் பெரிதாகக் கேட்டது.

நாலாவதாக வந்தது ஸ்டீபன். நல்ல குடும்பம். ஞானப்பிரகாசத்தை நான் முதலில் அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். அவர் நிறையப் பேசினார். கடைசியில், "எம்புள்ள சம்பளம் கவரோட எங்கையில வந்துரும். பஸ் காசு நாந்தான் தருவேன். அப்படி வளத்துருக்கேன்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க சும்மா இருந்தவன், அன்று மட்டும் பேசினேன்.

"நான் எம் புள்ளைங்க காசத் தொடறதே இல்ல. சோறு போடறது அப்பன் கடமை."

அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்று தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கும் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருவதாகச் சொன்னார்கள். பன்னிரண்டரை மணிக்கு.

ஞாயிறு மதியம் மெஸ்ஸில் மீன் குழம்பு. வாரம் முழுவதும் பையன்கள் அதற்காகத்தான் உயிரோடு இருந்தார்கள். "அன்னிக்கு மட்டும் மூடிடு" என்று பிலோமினாவிடம் சொன்னேன்.

"காசு கட்டிச் சாப்புடறவங்க. எப்படி மூடறது?"

"மாப்பிள்ள வீட்ல பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"பதினோரு மணிக்கே போட்டு அனுப்பிடறேன். அவங்க வர்றப்ப வீடு காலியா இருக்கும். நீங்க கூட்டிக்கிட்டு வாங்க."

பையன்களிடம் யாரும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வார்கள் என்று நான்தான் வேண்டாம் என்றேன்.

ஆனால் அந்த ஞாயிறு பட்டறையில் ஓவர்டைம். பையன்கள் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்து உட்கார்ந்தார்கள். லூர்து மேரி அம்மாவால் மூட்டுவலியோடு ரயில்வே மேம்பாலம் ஏற முடியாது என்பதால் அவர்கள் பஸ் பிடித்தார்கள். பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. பன்னிரண்டேகாலுக்கு என் வீட்டு வாசலில் நின்றார்கள்.

வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முத்துப்பாண்டி. புது ஆள்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டான்.

"வாங்கண்ணாச்சி, வாங்க. எடம் கெடக்கு. ஏல, தள்ளி உக்காருங்கல. அம்மாவுக்குச் சுவத்தோரமா எடம் விடுங்க, சாஞ்சுக்கிடட்டும்."

இலை போட்டான். தண்ணீர் வைத்தான். ஞானப்பிரகாசம் அகமகிழ்ந்துபோனார். பெண் பார்க்க வந்த இடத்தில் பந்தி போட்டு, சொந்தபந்தம் எல்லாம் கூடி இருந்து, வந்ததும் வராததுமாகச் சாப்பாடு. "நிச்சயதார்த்தம் மாதிரி ஆளக் கூட்டியிருக்காரே" என்றாராம் அந்த அம்மா. பிலோமினா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் அவர்களை அதற்கு முன் பார்த்ததில்லை. நான்தான் அழைத்து வருவேன் என்று நினைத்திருந்தாள். மூன்று கெஸ்ட் என்று எண்ணிக்கொண்டு மூன்று பேருக்கு மீன் எடுத்துக் கொடுத்தனுப்பினாள்.

ஞானப்பிரகாசம் இன்னொரு துண்டு கேட்டார்.

"எக்ஸ்ட்ரா ரெண்டு ரூவா அண்ணாச்சி" என்றான் முத்துப்பாண்டி.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பையன் தமாஷ் பேர்வழி என்று நினைத்துக்கொண்டார். இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டார்.

நான் மூன்று ரயில் பார்த்தேன். மூன்றிலும் அவர்கள் இறங்கவில்லை. வரன் நாலும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு குடையை மடக்கி வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் பன்னிரண்டு ஜோடி செருப்பு. உள்ளே ஞானப்பிரகாசத்தின் குரல்.

"வாங்க சம்பந்தி! எங்க போயிட்டீங்க? உங்காளுங்க பிரமாதமா கவனிச்சுட்டாங்க!"

சம்பந்தி என்று சொல்லிவிட்டார். இனி எனக்கு ஒரே வேலைதான். அந்த வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இவங்கள்லாம் யாரு?" என்றார், கையால் வரிசையைக் காட்டி.

நான் வரிசையைப் பார்த்தேன். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணன் பசங்க" என்றேன்.

எனக்கு அண்ணன் கிடையாது. அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை.

மெஸ்ஸில் சோறு மெல்லும் சத்தம் நின்றது. முத்துப்பாண்டிதான் முதலில் புரிந்துகொண்டான். நல்ல பையன்.

"ஆமா அண்ணாச்சி" என்றான். பிறகு, "சித்தப்பா" என்றான்.

"ஒம்போது பேருமா?" என்றார் ஞானப்பிரகாசம். கணக்கர் அல்லவா.

"ஒம்போது பேரும்."

"இவரு பேச்சு தின்னவேலிப் பக்கம் மாதிரி இருக்கே?"

"பெரிய அண்ணன் அங்க செட்டிலாயிட்டாரு."

"தம்பி பேரு என்னப்பா?" என்று அடுத்தவனிடம் திரும்பினார்.

"காதர்."

நான் குடையைச் சுவரில் சாய்த்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

"அது கூப்புடற பேரு" என்றேன்.

"ஆமாங்க" என்றான் காதர், உதவி செய்யும் எண்ணத்தில். "எங்க அத்தா அப்படித்தான் கூப்புடுவாரு."

லூர்து மேரி அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கடைசியில் இருந்த நெல்லூர்ப் பையன் வெங்கடேசு, தெலுங்கில் ரசம் கேட்டான்.

"ரெண்டாவது அண்ணன் அந்தப் பக்கம் பொண்ணு எடுத்தாரு" என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

"மொத்தம் எத்தன அண்ணனுங்க?"

"அஞ்சு."

அப்பா மேலிருந்து கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

"அக்கா, மோரு!" என்று ஒருவன் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தான்.

லூர்து மேரி அம்மா என்னைப் பார்த்தார். "சித்தப்பா பொண்டாட்டிய அக்காங்கிறான்?"

"சின்ன வயசுலேர்ந்து பழக்கம்."

இத்தனைக்கும் நான் சமாளித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஞானப்பிரகாசம் கை கழுவப் போகிற மாதிரி இலையை மடித்தார். இன்னும் ஐந்து நிமிஷம். பையன்கள் எழுந்து போய்விடுவார்கள். ரீட்டா காபி கொண்டு வருவாள். முடிந்தது.

பிலோமினா வந்தாள். கையில் காசு டப்பா.

அது மாதத்தின் முதல் ஞாயிறு. வசூல் நாள்.

"முத்துப்பாண்டி, எடு இருநூறு. காதரு, நீ போன மாசம் மூணு நாள் ஊருக்குப் போனேல்ல, கழிச்சுட்டுக் குடு." பிறகு ஞானப்பிரகாசம் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் அதே வெளிச்சம். "சார், நீங்க புதுசா? மாசக் கணக்கா, கெஸ்ட்டா? கெஸ்ட்டுன்னா ஆளுக்கு ஆறு. உங்களுக்கு எக்ஸ்ட்ரா மீனு ரெண்டு, அது நாலு. மொத்தம் இருபத்திரண்டு."

நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். பாதி விரலையும் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வசூல் நேரத்தில் அவள் யாரையும் பார்ப்பதில்லை.

ஞானப்பிரகாசம் மெதுவாக எழுந்தார். "சொந்த அண்ணன் புள்ளைங்ககிட்ட காசா?"

அப்போது சேவியர் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

"நானே கட்டறேன் சார்" என்றான் பெருமையாக. "எங்கப்பா போட்ட ரூலு. அவரும் கட்டறாரு."

உள்ளறையிலிருந்து ரீட்டா காபித் தட்டோடு வந்து நின்றாள். அவளையும் பார்த்துக் கேட்டார் ஞானப்பிரகாசம். "பொண்ணுகிட்டயுமா?"

"முதல் தேதியே குடுத்துட்டேங்கய்யா" என்றாள்.

"புள்ளைங்க காசத் தொடறதில்லன்னு சொன்னீங்க" என்றார் என்னிடம். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"நான் தொடறதில்லதான்" என்றேன். "அவதான் வாங்குறா."

உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அது எடுபடவில்லை.

அதுவரை வாயே திறக்காத ஸ்டீபன் எழுந்தான். சட்டைப்பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான். பிறகு அப்பா பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான். சின்ன வீடு. எல்லாருக்கும் கேட்டது.

"அப்பா, ஒரு ஆறு ரூபா குடுப்பா."

"எதுக்கு?"

"நான் சாப்ட்டதுக்கு."

ரீட்டா காபித் தட்டைத் தரையில் வைத்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தையல் மிஷின் சத்தம் கேட்டது.

ஞானப்பிரகாசம் ஐம்பது ரூபாய் நோட்டைக் காசு டப்பாவில் போட்டுவிட்டு நடந்தார். தங்கை நொண்டிக்கொண்டே பின்னால் போனார். ஸ்டீபன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அண்டாவைப் பார்த்தானா, உள்ளறையைப் பார்த்தானா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிலோமினா பாக்கியை எண்ணி முத்துப்பாண்டியிடம் கொடுத்தாள். அவன் எச்சில் கையோடு பஸ் ஸ்டாப் வரை ஓடினான். தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே ஓடினான்.

"மாமா! பாக்கி வாங்கிட்டுப் போங்க, மாமா!"

நான் பெற்ற அண்ணன் பிள்ளை. உறவுமுறையைச் சரியாகப் பிடித்துக்கொண்டான்.

அன்று மாலை பிலோமினாவுக்கு விஷயம் புரிந்தது. இரவு எனக்குச் சோறு போட்டாள், மீன் போடவில்லை. நான் கேட்கவில்லை.

ரீட்டாவிடம் போனேன். "இன்னொரு வரன் வரும்" என்றேன்.

அவள் மிஷினை நிறுத்தினாள். "அவரு நல்லவரு மாதிரிதான்ப்பா இருந்தாரு. சாப்ட்டதுக்குக் காசு குடுக்கணும்னு அவருக்கு மட்டும்தான் தோணுச்சு. ஆனா ஆறு ரூபாய்க்கு அப்பாவக் கேக்கறாரு. எனக்குக் காய்ச்சல் வந்தா மாத்திரைக்கு யாரக் கேப்பாரு?"

அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம். அதை அவள் எனக்கே சொன்னாள்.

அடுத்த மாதம் முதல் தேதி, மதியம். சாப்பிட உட்காரப் போனேன். என் இடத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஸ்டீபன்.

பிலோமினாவிடம் இருநூறு ரூபாயை நீட்டினான்.

"மாசக் கணக்கு, ஆன்ட்டி."

"அப்பாவுக்குத் தெரியுமா தம்பி?"

"இன்னிக்குச் சாயங்காலம் தெரிஞ்சுடும். கவர்ல கொறையும்ல?"

பிலோமினா அவனுக்குத் தனியாக ஓர் ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள். எக்ஸ்ட்ரா காசு கேட்கவில்லை. அந்த மெஸ்ஸின் சரித்திரத்தில் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஞானப்பிரகாசம் வந்தார். இந்தத் தடவை தனியாக. வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

"எம்புள்ளையக் கெடுத்துட்டீங்க. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு பைசா எடுத்ததில்ல. இப்ப சம்பளத்துல இருநூறு கொறையுது. கேட்டா, நான் சாப்புடறதுக்கு நான் கட்டறேங்கறான். எவன் சொல்லிக் குடுத்தான்?"

நான் யோசித்தேன். என்ன சொன்னாலும் போன தடவை மாதிரி ஆகிவிடும். அதனால் குறைவாகச் சொன்னேன்.

"உக்காருங்க."

"உக்கார வரல. எனக்கு வயசாவுது. இவன் கைய விட்டுப் போயிட்டா நான் என்னா பண்ணுவேன்?"

சத்தம் திடீரென்று இறங்கிவிட்டது. அவர் பயந்திருந்தார். அவர் பிள்ளையின் சம்பளக் கவரைப் பிடித்துக்கொண்டிருந்ததும், நான் என் பிள்ளைகளைத் தள்ளிவிட்டதும் ஒரே பயத்தில்தான். எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது. அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

"எம்புள்ளைங்க காசு கட்டறாங்க" என்றேன். "எங்கயும் போவல. போகச் சொன்னாலும் போவமாட்டேங்கறாங்க. கூட ஒம்போது பேரக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க."

அவர் உள்ளே பார்த்தார். பந்தி நடந்துகொண்டிருந்தது. ஸ்டீபன் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியோடு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். ரீட்டா அப்பளத் தட்டோடு அவன் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். பேசாத இரண்டு பேர், பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஞானப்பிரகாசம் செருப்பைக் கழற்றினார்.

"மீன் இருக்கா?"

"இருக்கு."

"கெஸ்ட்டா போட்டுக்கச் சொல்லுங்க."

கல்யாணம் அடுத்த வருஷம் நடந்தது. எங்கள் கம்பெனியில் அப்போது கதவடைப்பு. என்னிடம் காசு இல்லை. செலவை ரீட்டாவும் ஸ்டீபனும் பாதிப் பாதி போட்டார்கள். சாப்பாடு பிலோமினா பொறுப்பு. சேவியர் பந்தல் போட்டான், பூட்ஸ் போட்டுக்கொண்டு. நான் கோட்டு வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றேன். அதற்கும் சேவியர்தான் வாடகை கொடுத்தான். உன் சோத்துக்கு நீ சம்பாதி என்று வளர்த்த பிள்ளைகள். அந்த வருஷம் என் சோத்துக்கும் சேர்த்துச் சம்பாதித்தார்கள்.

பூசை முடிந்து போட்டோ எடுக்கும்போது போட்டோக்காரர் கூப்பிட்டார்.

"பொண்ணுக்கு அண்ணன் தம்பி மொற யாருங்க? மேல வாங்க!"

சேவியர் ஏறினான். அவன் பின்னால் முத்துப்பாண்டி ஏறினான். காதர் ஏறினான். வெங்கடேசு ஏறினான். புதிதாகச் சேர்ந்தவர்களும் ஏறினார்கள். மேடை கிறீச்சிட்டது. சேக்காட்டு உறவுக்காரர் ஒருவர் ஞானப்பிரகாசத்திடம் கேட்டார்.

"யாருங்க இவ்ளோ பேரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சம்பந்தியோட அண்ணன் பசங்க" என்றார். "அவருக்கு அஞ்சு அண்ணன்."

அதிலிருந்து ஆரம்பித்ததுதான். பையன்கள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தவே இல்லை. எங்கள் வீட்டில் யார் பொய் சொல்லி மாட்டிக்கொண்டாலும், "எத்தன அண்ணனுங்க?" என்று கேட்பார்கள். என் பேரன் பேத்திகள் வரைக்கும் அது வந்துவிட்டது. அவர்களுக்குக் கதை முழுதாகத் தெரியாது. கேட்க மட்டும் தெரியும்.

பழையவர்கள், புதியவர்கள் என்று பையன்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஊர்களில் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒவ்வொரு பத்திரிகையிலும் சித்தப்பா என்று என் பெயரைப் போட்டார்கள். போகாமல் இருக்க முடியாது. நானாகச் சொன்ன உறவு. திருநெல்வேலியில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நெல்லூரில் மாலை போட்டு ஏதோ பேசச் சொன்னார்கள், எனக்குத் தெலுங்கு தெரியாது. வாணியம்பாடியில் காதரின் அத்தா என்னைக் கட்டிப்பிடித்து, "தம்பி, வா" என்றார். எனக்கு ஒரு அண்ணனாவது கிடைத்தார்.

காதரின் நிக்காவையும் சேர்த்து, இதுவரை நான் சித்தப்பாவாகப் போய் நின்ற கல்யாணங்கள்:

பதினேழு.